எலுமிச்சை ஜூஸ்: காலையில் கலந்து வைத்தால் மாலையில் ஏன் கசக்கிறது?

நிழல்மரம் எழுதியது:

20 பேருக்கு எலுமிச்சை ஜூஸ் வேண்டும். மாலை 4 மணிக்குப் பரிமாற வேண்டும். அந்த நேரத்தில் நின்று பிழிய ஆள் இருக்காது, அதனால் முடிந்தவரை காலையிலேயே வேலையை முடிக்கப் பார்க்கிறேன். சிக்கல் மூன்று இடத்தில் வருகிறது.

கலந்த உடனே குடித்தால் ருசி சரியாக இருக்கிறது. இரண்டு மூன்று மணி நேரம் போனால் விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு கசப்பு நிற்கிறது. விதையை வடிகட்டினாலும் இதே கதைதான்.

சர்க்கரை அடியில் தங்கிவிடுகிறது. பாத்திரத்தின் மேல்பாதி புளிப்பு, அடிப்பாதி பாகு.

ஐஸ் போட்டால் பத்து நிமிடத்தில் சப்பென்று ஆகிவிடுகிறது.

"டம்ளருக்கு ஒரு பழம், இரண்டு ஸ்பூன் சர்க்கரை" என்ற கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை, ஏனென்றால் ஒரு பழம் மாதிரி இன்னொரு பழம் இருப்பதில்லை. மி.லி., கிராம் கணக்கில் சொல்லுங்கள். இன்னொன்று: வாசனைக்குத் தோல் சேர்க்கலாமா? சிலர் முழுப் பழத்தையும் மிக்ஸியில் போட்டு அரைக்கச் சொல்கிறார்கள். அது சரியா?

தராசு எழுதியது:

முதலில் கசப்பு. மற்ற இரண்டும் கணக்கு போட்டால் தீரும். இது கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

எலுமிச்சையின் உள்வெள்ளைத் தோலிலும், சுளைகளைப் பிரிக்கும் சவ்விலும் ஒரு பொருள் இருக்கிறது. பழம் முழுதாக இருக்கும்வரை அதில் கசப்பு கிடையாது. பிழியும்போது சவ்வு கிழிந்து, அந்தப் பொருள் புளிப்பான சாற்றோடு சேர்கிறது. சேர்ந்த பிறகு மெதுவாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. உடனே குடித்தால் தெரியாமல், மணிக்கணக்கில் வைத்தால் தெரிவது இதனால்தான். வெப்பம் இந்த மாற்றத்தை வேகப்படுத்தும். விதையில் லிமோனின் நேரடியாகவே நிறைய உண்டு. விதை முழுதாக இருந்தால் அவ்வளவு பாதிப்பில்லை, கத்தியிலோ கருவியிலோ நசுங்கினால்தான் வம்பு.

ஆக, வடிகட்டியும் கசக்கிறது என்றால் பெரும்பாலும் பிழிந்த விதத்தில் கோளாறு. கீழே உள்ளதைப் பாருங்கள்.

பழத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு பிழியாதீர்கள் என்று சொல்ல வந்தேன், "குளிரோடு" என்பதுதான் சரி. குளிர்ந்த பழம் இறுகிக் கிடக்கும், சாறு முழுதாக வராது. வராத சாற்றுக்காக அழுத்த அழுத்த வெள்ளைத்தோல்தான் பிழிபடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுவைத்து, துடைத்து, மேடையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். காம்பையும் நுனியையும் இணைக்கும் கோட்டில் வெட்டாமல், நடுவில் குறுக்காக வெட்டினால் எல்லாச் சுளையும் திறக்கும்.

கையால் அழுத்தும் இரட்டைக் கரண்டி மாதிரியான ஸ்க்வீசர் என்றால், வெட்டிய முகம் ஓட்டைகள் உள்ள பக்கம் பார்க்க வேண்டும். பலர் பழத்தின் முதுகு குழியில் பொருந்தும்படி வைப்பார்கள். பார்க்க அதுதான் சரியாகத் தோன்றும். அப்படி வைத்தால் சாறு மேலே பீய்ச்சும், பாதி பழத்திலேயே நிற்கும், தோலும் கசங்கும். சரியாக வைத்து அழுத்தினால் பழம் உள்வெளியாகத் திரும்பிக்கொள்ளும். ஒரே அழுத்து போதும். சாறு ஓடுவது நின்று சொட்ட ஆரம்பித்ததும் விட்டுவிடுங்கள். கடைசிச் சொட்டுகளில் சாறு குறைவு, கசப்பு அதிகம்.

பிழிந்த சாற்றை அப்போதே நெருக்கமான வடிகட்டியில் ஊற்றுங்கள். தானாக இறங்கட்டும். சக்கையைக் கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் வடிகட்டியதன் பலன் போயிற்று. சக்கையோடு சாற்றை வைத்திருந்துவிட்டு, பரிமாறும்போது வடிகட்டுவதும் பயன் தராது. அதற்குள் சவ்வில் உள்ளது சாற்றில் இறங்கியிருக்கும்.

முழுப் பழத்தை மிக்ஸியில் போடுவது இதற்கெல்லாம் நேர்எதிர். தோல், சவ்வு, விதை மூன்றையும் ஒன்றாகத் தூளாக்குகிறீர்கள். விதை நீக்கி, சில நொடிகள் மட்டும் அடித்து, வடிகட்டி, அந்த நிமிடமே குடிப்பதாக இருந்தால் செய்யலாம். நான்கு மணிக்கு வைக்கும் ஜூஸுக்கு வேண்டவே வேண்டாம்.

இப்போது அளவு. பழத்தின் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள், சாற்றை அளந்துகொள்ளுங்கள். 200 மி.லி. டம்ளர் ஒன்றுக்கு:

சாறு 30 மி.லி.
சர்க்கரை 25 கிராம்
தண்ணீர் 155 மி.லி.

கூட்டினால் 185 தானே வருகிறது என்று கேட்காதீர்கள். சர்க்கரை கரைந்த பிறகும் இடம் பிடிக்கும், 100 கிராமுக்கு ஏறக்குறைய 62 மி.லி. அதனால் 25 கிராம் என்பது சுமார் 15 மி.லி.

20 பேருக்கு சாறு 600 மி.லி., சர்க்கரை 500 கிராம், தண்ணீர் 3.1 லிட்டர். மொத்தம் 4 லிட்டர். உருண்டையான, மெல்லிய தோல் உள்ள சிறிய பழம் 15 முதல் 20 மி.லி. சாறு தரும், 30 முதல் 40 பழம் தேவை. நீள்வட்டமான, தடித்த தோல் உள்ள பெரிய பழம் 40 முதல் 50 மி.லி. தரும், 12 முதல் 15 போதும். வாங்கும்போது கையில் எடுத்தால் கனக்க வேண்டும், விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். அளவுக்கு எடை இல்லாத பழத்தில் தோல்தான் அதிகம்.

ஐஸ். 30 டிகிரியில் இருக்கும் 170 மி.லி. ஜூஸை 5 டிகிரிக்குக் கொண்டுவர 50 கிராம் ஐஸ் கரைந்தாக வேண்டும். அந்த 50 கிராமும் தண்ணீராக உங்கள் ஜூஸில்தான் சேரும். அதே ஜூஸ் ஏற்கெனவே ஃபிரிட்ஜில் 10 டிகிரிக்கு வந்திருந்தால் 10 கிராம் கரைந்தாலே போதும், மீதி ஐஸ் கட்டியாகவே மிதக்கும். சப்பென்று ஆவதற்கு ஐஸைக் குறை சொல்வதைவிட வெதுவெதுப்பான ஜூஸைக் குறை சொல்வதே நியாயம். குடித்து முடிக்கும்வரை மேலும் கொஞ்சம் கரையும் என்பதால் டம்ளருக்கு 30 மி.லி. என்று வைத்துக்கொண்டு, 20 பேருக்கு 600 மி.லி. தண்ணீரை முதலிலேயே குறைத்துவிடுங்கள். 3.1 லிட்டருக்குப் பதில் 2.5 லிட்டர். டம்ளருக்கு 170 மி.லி. ஊற்றி ஐஸ் போட்டால் கணக்கு நேராகும்.

அடுப்படி எழுதியது:

தராசு அண்ணே சொன்ன அளவு சரிதான். சர்க்கரையைப் பத்தி நான் சொல்றேன்.

குளிர்ந்த தண்ணியில சர்க்கரை கரையாதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. கரையும். 0 டிகிரி தண்ணியிலயே 100 மி.லி.க்கு 170 கிராமுக்கு மேல கரையும், ஜூஸுக்கு நமக்கு வேண்டியது அதுல பத்துல ஒரு பங்குகூட இல்லை. பிரச்சினை வேகம்தான். குளிர்ல ரொம்ப மெதுவா கரையும், நம்ம கை அதுக்குள்ள ஓய்ஞ்சுடும். பெரிய பாத்திரத்துல அடியில போய் உட்கார்ந்துட்டா கரண்டியும் எட்டாது.

அதனால பாகா செஞ்சு ஊத்திடுங்க. 500 கிராம் சர்க்கரை, 500 மி.லி. தண்ணி. அடுப்புல வெச்சுக் கிளறிக்கிட்டே இருங்க, துகள் மறைஞ்சு தெளிஞ்சதும் இறக்கிடுங்க. கொதிக்கணும்னு இல்லை. கம்பிப் பதம் எதுவும் வேண்டாம், கொதிக்க விட்டா தண்ணி ஆவியாகி உங்க கணக்கு மாறிடும். இறக்கினா சுமார் 810 மி.லி. வரும். இந்தப் பாகு 40 மி.லி. எடுத்தா அதுல 25 கிராம் சர்க்கரை இருக்கு, அதாவது ஒரு டம்ளருக்கு உரியது. பாகுல ஏற்கெனவே அரை லிட்டர் தண்ணி போயிடுச்சு, அதனால மேல ஊத்துறது 2.5 லிட்டர் இல்லை, 2 லிட்டர். இதை மறந்துட்டுத்தான் நிறைய பேர் நீர்க்க வெச்சுட்டுப் பழத்தைத் திட்டுறாங்க.

பாகு நல்லா ஆறணும். சூட்டோட சாறுல ஊத்தாதீங்க. வாசனை அப்படியே ஆவியாப் போயிடும், வேகவெச்ச மாதிரி ஒரு ருசி வந்து ஒட்டிக்கும். ஆறின பாகை சுத்தமான பாட்டில்ல ஊத்தி ஃபிரிட்ஜ்ல வெச்சா மூணு வாரம் வரைக்கும் தாராளமா வரும். இன்னும் நாள் இருக்கணும்னா சர்க்கரையை இரண்டு பங்காக்குங்க. ஆனா அப்படிக் கெட்டியா செய்யும்போது சர்க்கரை திரும்பவும் படிகமா அடியில கட்டிக்கும். அடுப்புல இருக்கும்போதே அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு ரெண்டு நிமிஷம் கொதிக்க விட்டா அந்தத் தொந்தரவு குறையும். புளிப்பு சர்க்கரையில ஒரு பகுதியை குளுக்கோஸ், ஃபிரக்டோஸுன்னு உடைச்சுடுது, உடைஞ்சது சுலபமா படிகமாகாது.

அடுப்பே பத்த வைக்க வேண்டாம்னா இன்னொரு வழி. சாறு 600 மி.லி.யை அறை வெப்பத்துல வெச்சு அதுலயே 500 கிராம் சர்க்கரையையும் கொட்டிக் கிளறுங்க. தண்ணியும் ஐஸும் இப்ப வேண்டாம். ஏழெட்டு நிமிஷம் விட்டு விட்டுக் கிளறினா கரைஞ்சுடும். அப்புறம் குளிர்ந்த தண்ணி. வரிசைதான் முக்கியம்: சாறு, சர்க்கரை, கரைஞ்ச பிறகு தண்ணி, கடைசியில ஐஸ். மிக்ஸியில பொடிச்ச சர்க்கரைன்னா இன்னும் சீக்கிரம் ஆகும். பாக்கெட்ல பொடியா வர்ற ஐசிங் சர்க்கரை வேண்டாம், அதுல கட்டியாகாம இருக்க மாவு கலந்திருக்கும், ஜூஸ் கலங்கிடும்.

தேன்ல செய்யறவங்க கவனிங்க. சர்க்கரை 1 கப் போடுற இடத்துல தேன் முக்கால் கப். நேரா குளிர்ந்த தண்ணியில விட்டா அடியில கயிறா கிடக்கும். முதல்ல அதே அளவு வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சுக்கணும். ஒரு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்குத் தேன் கலந்த எதுவும் கூடாது.

தோல்சீவி எழுதியது:

தோல் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. என் கணக்கில் அதுதான் எலுமிச்சை ஜூஸின் பாதி. சாற்றில் புளிப்பு இருக்கிறது, மணம் கொஞ்சம்தான் இருக்கிறது. மூக்குக்கு எட்டும் எலுமிச்சை மணம் வெளித்தோலில் உள்ள எண்ணெய்ப் புள்ளிகளில் இருந்து வருவது.

ஆனால் தோலை ஜூஸில் போட்டு ஊறவைக்காதீர்கள். சர்க்கரையில் ஊறவையுங்கள்.

500 கிராம் சர்க்கரைக்கு ஐந்து அல்லது ஆறு பெரிய பழங்களின் தோல். மெழுகு பூசிய பழம் பளபளப்பாக வழுக்கும்; சூடான தண்ணீரில் அரை நிமிடம் காட்டி, பிரஷால் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள். சாறு பிழிவதற்கு முன்னாலேயே தோலைச் சீவ வேண்டும், பிழிந்த பிறகு தொளதொளத்த பழத்தைச் சீவ முடியாது. பீலரை அழுத்தாமல் ஓட்டுங்கள். சீவிய துண்டின் உள்பக்கம் மஞ்சள் தெரிய வேண்டும். வெள்ளையாக இருந்தால் ஆழமாகப் போய்விட்டீர்கள், கத்தியை மட்டமாகப் பிடித்து அந்த வெள்ளையைச் சுரண்டிவிடுங்கள்.

தோல் துண்டுகளைச் சர்க்கரையில் போட்டு, கரண்டியின் முதுகாலோ உலக்கையாலோ இரண்டு மூன்று நிமிடம் கசக்குங்கள். சர்க்கரை ஈர மணல் மாதிரி ஆகி மணம் கிளம்பும். மூடி இரண்டு முதல் நான்கு மணி நேரம் வையுங்கள். சர்க்கரை தோலிலிருந்து எண்ணெயையும் நீரையும் இழுத்துக்கொள்ளும், துண்டுகள் சுருங்கி விறைத்துப்போகும். பிறகு அதிலேயே 500 மி.லி. வெந்நீர் ஊற்றிக் கரைத்து வடிகட்டினால் அடுப்படி சொன்ன அதே பாகு, மணத்தோடு. தோல் துண்டுகளை அதற்குமேல் அதில் விட்டுவைக்க வேண்டாம்.

மெல்லிய தோல் உள்ள சிறிய பழத்தில் இது சரியாக வராது. பீலர் தொட்டாலே வெள்ளை வரும். அதற்கு நுண்ணிய துருவியில் நான்கைந்து பழத்தின் பச்சை மஞ்சள் மேற்பூச்சை மட்டும் தொட்டுத் தொட்டு எடுங்கள், சர்க்கரையில் ஒரு மணி நேரம் போதும்.

இரண்டு எச்சரிக்கை. தோல் எண்ணெய் புளிப்பிலும் காற்றிலும் ஒரு நாளுக்கு மேல் இருந்தால் மணம் மாறும், வார்னிஷ் வாடை அடிக்கும். அன்றே தீர்ந்துவிடும் ஜூஸுக்கு மட்டும் தோல் போடுங்கள். நாலு நாள் வைக்கும் பாகுக்குப் போடாதீர்கள். அடுத்து, அந்த எண்ணெய் தெர்மாகோலைக் கரைக்கக்கூடியது. தோல் ஊறும் சர்க்கரையைக் கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ வையுங்கள், தெர்மாகோல் கப்பில் அல்ல.

நிழல்மரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஸ்க்வீசரில் பழத்தின் முதுகைக் குழிக்குள் வைப்பதுதான் இங்கே நடக்கிற வழக்கம். பாதிக் கேள்விக்கு அதுவே பதில் போல.

அப்படியானால் நேரம் எப்படிப் பிரிப்பது? சாற்றைக் காலை 8 மணிக்கே பிழிந்துவைத்தால் கெட்டுவிடுமா? முதல் நாளே பிழிந்து ஐஸ் டிரேயில் உறைய வைப்பது நல்லதா? பெரிய அலுமினியப் பாத்திரம் ஒன்று இருக்கிறது, அதில் கலக்கலாமா? சிலருக்குச் சோடா ஊற்றிக் கொடுக்கவும் எண்ணம்.

தராசு எழுதியது:

கெடாது, ருசி இறங்கும். வடிகட்டிய சாறு மூடிய பாட்டிலில் ஃபிரிட்ஜில் இருந்தால் இரண்டு மூன்று நாள் பாதுகாப்பாகவே இருக்கும். ஆனால் காற்றுபட்ட சாற்றில் வைட்டமின் சியும் குறையும், மேல்மணமும் மங்கும். பாட்டிலை விளிம்புவரை நிரப்பி மூடினால் காற்றுக்கு இடம் குறைவு. என்னிடம் கேட்டால்: பாகும் தோல் வேலையும் காலையில், சாறு பகல் ஒரு மணிக்கு மேல், பாகு, சாறு, தண்ணீர் மூன்றும் தனித்தனியாக ஃபிரிட்ஜில், கலப்பது மூன்றரைக்கு. கலக்க மூன்று நிமிடம்தான். 40 சிறிய பழம் என்றால் வெட்டிப் பிழிந்து வடிகட்ட ஒருவருக்கு அரைமணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், அதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் ஜூஸில் நன்றாகவே தெரியும். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ எடுத்து, அதையும் குளிரவைத்துவிடுங்கள். ஐஸுக்கும் அதே தண்ணீர்.

உறைய வைப்பது: வருகிற விருந்துக்கு வேண்டாம், பழம் மலிந்து கிடக்கும்போது சேமிக்க நல்ல வழி. வடிகட்டிய சாற்றை டிரேயில் ஊற்றி, உறைந்ததும் எடுத்துக் காற்று நீக்கிய பையில் போட்டுக் கட்டுங்கள். மூன்று மாதம் வரை வைக்கலாம். உங்கள் டிரேயின் ஒரு குழி எத்தனை மி.லி. என்று தண்ணீர் ஊற்றி ஒருமுறை அளந்துகொண்டால், டம்ளருக்கு எத்தனை கட்டி என்பது கண்ணை மூடிக்கொண்டு தெரியும். சர்க்கரை கலந்து உறைய வைத்தால் கட்டி இறுகாது, சொதசொதவென்று இருக்கும். கண்ணாடி பாட்டிலில் முழுதாக நிரப்பி உறையவைத்தால் பாட்டில் வெடிக்கும்.

அலுமினியம் வேண்டாம். சாற்றின் பிஎச் 2 முதல் 2.6 வரை, அந்தப் புளிப்பில் அலுமினியமும், வெள்ளீயம் பூசாத செம்பும் பித்தளையும் கரைந்து சாற்றில் இறங்கும், உலோக ருசி வரும். எவர்சில்வர், கண்ணாடி, உணவுக்கான பிளாஸ்டிக் இவற்றில் எதுவும் சரி.

சோடாவுக்குத் தனி அடிப்படைக் கலவை. டம்ளருக்குச் சாறு 25 மி.லி., பாகு 40 மி.லி., சோடா 135 மி.லி. சாறு 5 மி.லி. குறைத்திருப்பதற்குக் காரணம், சோடாவில் உள்ள கரியமில வாயுவும் நாக்கில் புளிப்பாகவே தெரியும். சாறு நன்றாக வடிகட்டியதாக இருக்க வேண்டும். சக்கைத் துணுக்கு ஒவ்வொன்றும் வாயு வெளியேற ஒரு வாசல். சர்க்கரைத் துகளும் அப்படித்தான், சோடா ஊற்றிய டம்ளரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டால் மேசைதான் குடிக்கும். எல்லாமே குளிர்ந்திருக்கட்டும்: 0 டிகிரி தண்ணீர் பிடித்துவைக்கும் வாயு, 20 டிகிரி தண்ணீர் பிடிப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கலவை முதலில், சோடா பிறகு, டம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்றி, நீளக் கரண்டியால் ஒரு சுற்று. அதற்குமேல் கிளறினால் சோடாவை வீணாக்குகிறீர்கள். பெரிய பாத்திரத்தில் மொத்தமாகச் சோடா கலந்துவைப்பது வேண்டாம், டம்ளர் டம்ளராக ஊற்றுங்கள்.

ஏழாவதுகரண்டி எழுதியது:

கலந்த பிறகு ருசி பார்ப்பதில் ஒரு விஷயம். அறை வெப்பத்தில் இனிப்பு சரியாக இருந்தால், குளிர்ந்த பிறகு புளிப்பாகத் தெரியும். குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும். அதனால் ஒரு டம்ளரில் ஐஸ் போட்டு இரண்டு நிமிடம் விட்டு, பரிமாறுகிற குளிரில் ருசி பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

திருத்துவது: புளிப்பு தூக்கலாக இருந்தால் தண்ணீரும் பாகும் சேர்த்து ஊற்றுங்கள், பாகு மட்டும் ஊற்றினால் இனிப்பும் புளிப்பும் இரண்டும் கனத்துத் திகட்டும். லிட்டருக்கு 100 மி.லி. தண்ணீர், 20 மி.லி. பாகு என்று தொடங்கலாம். இனிப்பு அதிகம் என்றால் சாறு, லிட்டருக்கு 10 மி.லி. 10 மி.லி.யாக. நீர்த்துப் போயிருந்தால் சாறும் பாகும் 3க்கு 4 என்ற விகிதத்தில், முதல் அளவே அதுதான்.

லேசான கசப்புக்கு உப்பு உதவும். உப்பு ருசி தெரியக்கூடாது, கசப்பு அடங்க வேண்டும். லிட்டருக்கு அரை கிராம், 4 லிட்டருக்கு 2 கிராம், தூள் உப்பு என்றால் டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு. பாகிலேயே கரைத்துவிடலாம். நன்றாகக் கசந்துவிட்ட ஜூஸை உப்பாலோ சர்க்கரையாலோ மீட்க முடியாது. புதிதாகப் பிழிவதுதான் வழி.

புளிப்பைக் குறைக்க ஆப்பச்சோடா போடச் சொல்வார்கள். புளிப்பை அது முறிக்கும், உண்மை. 1 கிராம் சோடா உப்பு சுமார் முக்கால் கிராம் சிட்ரிக் அமிலத்தை முறிக்கும். ஆனால் முறித்த இடத்தில் உப்புக்கரிப்பும் சோப்பு மாதிரி ஒரு ருசியும் நிற்கும். தண்ணீர் ஊற்றுவது மலிவானது, ருசியும் கெடாது.

இஞ்சி சேர்ப்பதானால் 4 லிட்டருக்கு 40 கிராம். துருவிப் பிழிந்து, சாற்றைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவு படியும். அதை விட்டு மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். புதினாவை அரைக்க வேண்டாம், புல்வாடை வரும், ஒரு மணி நேரத்தில் கறுத்தும் போகும். வெதுவெதுப்பான பாகில் ஒரு கைப்பிடி இலையை இருபது நிமிடம் போட்டு எடுத்துவிட்டால் மணம் மட்டும் நிற்கும்.

அடுப்படி எழுதியது:

யாரும் சொல்லாத ஒண்ணு. 40 பழம் பிழிஞ்ச கையோட வெயில்ல போகாதீங்க. எலுமிச்சைத் தோல்லயும் சாறுலயும் இருக்கிற ஒரு பொருள் நம்ம தோல்ல பட்டு, அதுமேல வெயிலும் பட்டா தீக்காயம் மாதிரி சிவந்து கொப்புளம் வரும். உடனே வராது, மறுநாள்தான் தெரியும். தழும்பு கறுப்பா வாரக்கணக்குல நிக்கும். சிறு பழத்துல இது அதிகம். சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவிட்டுப் போங்க. மொட்டை மாடியிலயோ முற்றத்து வெயில்லயோ உட்கார்ந்து பிழியறதும் வேண்டாம்.

பல் கூசறவங்களுக்கு ஸ்ட்ரா கொடுங்க. குடிச்சதும் தண்ணி விட்டுக் கொப்புளிச்சாப் போதும், உடனே பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது, அரைமணி நேரமாவது போகட்டும். புளிப்புல இளகின பல் மேற்பூச்சைத் தேய்ச்சு எடுத்த மாதிரி ஆகும்.

நிழல்மரம் எழுதியது:

நன்றி அண்ணே, இது எனக்குத் தெரியாது. கடைசியாக ஒன்று: மிஞ்சினால் மறுநாளுக்கு வைக்கலாமா? கொஞ்ச நேரத்தில் மேலே தெளிந்து கீழே கலங்கலாகப் பிரிந்துவிடுகிறதே, அது கெட்டதற்கு அடையாளமா?

தோல்சீவி எழுதியது:

பிரிவது கெட்டதற்கு அடையாளம் அல்ல, சக்கைத் துணுக்கு கனத்தால் இறங்குகிறது. கலக்கிவிட்டு ஊற்றுங்கள். ஐஸ் போடாமல் பாத்திரத்தில் மிஞ்சியதை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும், தோல் சேர்த்ததானால் மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். மூடியைத் திறக்கும்போது காற்று சீறினாலோ, ஓரத்தில் குமிழி கட்டினாலோ, புளித்த மாவு வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். டம்ளரில் வாய் வைத்து மிஞ்சியதைத் திரும்பப் பாத்திரத்தில் சேர்க்காதீர்கள்.

பாத்திரத்தில் மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைக்க மனமில்லை என்றால் ஐஸ் டிரேயில் உறையவைத்து, அடுத்தமுறை ஜூஸுக்கு ஐஸ் கட்டியாக அதையே போடுங்கள். கரைந்தாலும் நீர்த்துப்போகாது. சர்க்கரை இருப்பதால் கொஞ்சம் மிருதுவாகத்தான் உறையும், டிரேயிலிருந்து எடுத்ததும் நேராக டம்ளருக்குப் போக வேண்டும்.